'நார்மல்' என்றால் பாஸ் என்று யார் சொன்னது?



கொஞ்சம் நீளமான பதிவு. முதல் நாலு வரியைப் படித்துவிட்டு லைக் போட்டு ஓடிவிடாதீர்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கொண்டு தலையை மட்டும் ஆட்டியவர்கள் யார் யார் என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இப்போதெல்லாம் என் போனுக்கு லேப் ரிப்போர்ட் போட்டோ அடிக்கடி வருகிறது. ஆம்பூரிலிருந்து வரும், பேரணாம்பட்டிலிருந்து வரும், வாணியம்பாடியிலிருந்து வரும். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். "டீச்சர், அம்மாவுக்கு பி.பி. இருக்குல்ல, கிட்னி டெஸ்ட் எடுத்தோம். கிரியாட்டினின் நார்மல்னு வந்துடுச்சு. மாத்திரையை நிறுத்திடலாமா?"

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்து, முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கும் அறிவியலும் சொல்லிக் கொடுத்தவள். மருந்து எழுதும் உரிமை எனக்கில்லை. ஆனால் ஒரு எண்ணைப் பார்த்து அது முழு விடையா அரை விடையா என்று சொல்ல எனக்குத் தெரியும். கிரியாட்டினின் மட்டும் போட்டுப் பக்கத்தில் 'நார்மல்' என்று அச்சடித்துக் கொடுக்கும் தாள் அரை விடைதான். அரை விடைக்கு நான் என்றைக்கும் முழு மார்க் போட்டதில்லை.

முதலில் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் 25 வயதுப் பையன் ஒருவன். அவன் ரத்தத்தில் கிரியாட்டினின் 1.1. அவனுடைய அம்மாவுக்கு வயது 60, பத்து வருஷமாக பி.பி. அவருக்கும் அதே 1.1. தாளில் 0.6 முதல் 1.2 வரை நார்மல் என்று போட்டிருந்தால் இரண்டு பேரும் பாஸ். வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம்.

இதே எண்ணை, உலகம் முழுவதும் சிறுநீரக மருத்துவர்கள் பயன்படுத்தும் சி.கே.டி.-எபி சூத்திரத்தில் (2021இல் திருத்தியது) போட்டுப் பாருங்கள். அதற்கு வேண்டியவை மூன்றே மூன்று: கிரியாட்டினின், வயது, ஆணா பெண்ணா. விடையாக வருவதற்கு இ.ஜி.எஃப்.ஆர். என்று பெயர். சிறுநீரகம் ஒரு நிமிடத்துக்கு எத்தனை மில்லி லிட்டர் ரத்த நீரை வடிகட்டுகிறது என்பதன் மதிப்பீடு. பையனுக்கு சுமார் 95 வரும். அம்மாவுக்கு சுமார் 57தான் வரும். 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதற்கு நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர்.

ஒரே எண். ஒரே 'நார்மல்'. ஒருவர் நல்லபடியாக இருக்கிறார். இன்னொருவர் எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டியிருக்கிறார். தாள் மட்டும் இரண்டு பேரிடமும் ஒன்றையே சொல்லி அனுப்பிவிட்டது.

ஏன் இந்த வித்தியாசம்? கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. தசை அதிகம் இருந்தால் அதிகம் உண்டாகும், குறைவாக இருந்தால் குறைவாக உண்டாகும். ஒல்லியாக, வயதாகி, தசை வற்றிப்போன பெண்ணின் உடம்பில் அது குறைவாகத்தான் உண்டாகிறது. அந்தக் குறைந்த கழிவைக் கூட வெளியேற்ற முடியாமல் 1.1 ஆகத் தேங்கியிருக்கிறது என்றால் சிறுநீரகம் திணறுகிறது என்று அர்த்தம். நம் அம்மாக்களும் அத்தைகளும் பெரும்பாலும் இந்த உடல்வாகுதான். 'நார்மல்' என்ற சொல் அதிகம் ஏமாற்றுவது அவர்களைத்தான்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. வகுப்பில் நாற்பது பேர் சேர்ந்து மைதானத்தைப் பெருக்குவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் வரவில்லை என்றால் மற்ற முப்பது பேர் சேர்த்துப் பெருக்கிவிடுவார்கள். மைதானம் சுத்தமாகத்தான் இருக்கும். வராண்டாவில் நின்று பார்க்கும் தலைமை ஆசிரியருக்கு எல்லோரும் வந்திருப்பது போலத்தான் தெரியும். பாதிப் பேர் நின்ற பிறகுதான் அங்கங்கே குப்பை தெரிய ஆரம்பிக்கும். கிரியாட்டினினும் அப்படித்தான். சுமார் பாதி வேலைத்திறன் போகும் வரை அது 'நார்மல்' கோட்டுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளக் கூடும்.

அப்படியென்றால் முன்கூட்டியே காட்டிக் கொடுப்பது எது? பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். சிறுநீர். உயர் ரத்த அழுத்தம் சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடித்து அடித்து வடிகட்டியைப் பழுதாக்கும்போது, ரத்தத்திலேயே தங்க வேண்டிய ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசிகிறது. பலருக்கு கிரியாட்டினின் ஏறுவதற்கு முன்பே இந்தக் கசிவு தொடங்கிவிடும். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லி கிராம் ஆல்புமினுக்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரில் தோய்த்து நிறம் பார்க்கும் பட்டை, புரதம் நிறையப் போனால் காட்டிவிடும். கொஞ்சமாகப் போனால் தப்பிவிடலாம். அதனால்தான் பி.பி. உள்ளவர்களுக்கு ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் என்ற சோதனையை வருடம் ஒருமுறை கேட்டு எடுக்க வேண்டும் என்கிறேன்.

ஆக, ரத்தத்தில் கிரியாட்டினினும் அதிலிருந்து கணக்கிட்ட இ.ஜி.எஃப்.ஆரும். சிறுநீரில் ஆல்புமின். இரண்டும் சேர்ந்தால்தான் முழு விடை. எதிர்காலத்தில் யாருக்குச் சிறுநீரகம் கெடும் என்று இன்றைக்கு ஊகிக்க உதவும் ஜோடி இதுதான்.

இந்த இடத்தில் சண்டைக்கு வருபவர்கள் சிலர் இருக்கிறார்கள். ஒவ்வொருவராக வருகிறேன்.

முதலில் "பி.பி. மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்கிறது" என்று ஃபார்வர்டு அனுப்பும் என் அருமை உறவினர்கள். உங்களுக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் வகை மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறலாம். வடிகட்டியின் உள்ளே இருக்கும் அழுத்தத்தை அந்த மாத்திரை குறைக்கிறது, அதனால் வரும் ஏற்றம் அது. 30 சதவீதம் வரை ஏறினால் பொதுவாக மருந்தை நிறுத்தாமல் கவனித்து வருவார்கள். அதற்கு மேல் போனால்தான் காரணம் தேடுவார்கள். அம்லோடிபின் சாப்பிடும் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அது அந்த மருந்தின் பக்க விளைவு. உடனே "கிட்னி போச்சு, அதான் கால் வீங்குது" என்று பக்கத்து வீட்டில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். மாத்திரையை நிறுத்துகிறார்கள். ஆறு மாதம் கழித்து 180, 190 என்று ஏறிய அழுத்தத்தோடு வருகிறார்கள். கிட்னியைக் காப்பாற்ற வந்த காவல்காரனைத் திருடன் என்று துரத்திவிட்டு, வாசல் கதவைத் திறந்து வைக்கும் வேலை இது. சந்தேகம் வந்தால் டாக்டரிடம் கேட்டு மாத்திரையை மாற்றுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது, "டீச்சர், நாங்க சாதாரண டெஸ்ட் எல்லாம் எடுக்கல, ஃபுல் பாடி பேக்கேஜ் எடுத்தோம், எழுபது டெஸ்ட்" என்று பெருமையாகச் சொல்பவர்கள். எழுபதில் சிறுநீர் ஆல்புமின் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? எனக்கு வந்த ஒரு பேக்கேஜ் தாளில் வைட்டமின் இருந்தது, தைராய்டு இருந்தது, பெயர் வாயில் நுழையாத பத்து இருந்தது. ஆல்புமின் இல்லை. பி.பி. எவ்வளவு என்று அளந்து எழுதவும் இல்லை. கல்யாணச் சாப்பாட்டில் எழுபது வகை வைத்துச் சோற்றை மறந்த கதை.

புதிய குறியீடுகள் இருக்கின்றன, உண்மை. சிஸ்டாட்டின்-சி என்று ஒன்று. அது தசையைச் சார்ந்ததல்ல, உடம்பின் எல்லாத் திசுக்களிலிருந்தும் வருவது. அதனால் ஒல்லியானவர்களுக்கும் வயதானவர்களுக்கும் கிரியாட்டினின் குழப்பும்போது இது கைகொடுக்கும். 2024இல் வந்த உலக அளவிலான சிறுநீரக வழிகாட்டுதலும் துல்லியம் தேவைப்படும் இடத்தில் இரண்டையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்கிறது. ஆனால் தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மருந்து, புகைப்பழக்கம் எல்லாம் இதையும் ஆட்டிப் பார்க்கும். அது டாக்டர் கேட்டால் எடுக்க வேண்டியது. டி.என்.எஃப்.ஆர்.-1, கிம்-1 போன்ற ரத்தக் குறியீடுகளைச் சேர்த்து வருங்கால ஆபத்தைக் கணிக்கும் சோதனை ஒன்றுக்கு அமெரிக்காவில் 2023 ஜூனில் அனுமதி கிடைத்தது. அதுவும் யாருக்கு? சர்க்கரை நோயோடு சிறுநீரகப் பாதிப்பின் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு. பி.பி. மட்டும் உள்ள நம் வீட்டுப் பெரியவர்களுக்கு என்று அல்ல. ஆராய்ச்சி நடக்கட்டும், வாழ்த்துவோம். ஆனால் கையில் இருக்கும் மலிவான சோதனையைச் செய்யாமல் வரப்போகும் மந்திரச் சோதனைக்காகக் காத்திருப்பவர்களை நான் மன்னிக்க மாட்டேன்.

மூன்றாவது, "இதெல்லாம் தேவையில்லாத பயமுறுத்தல், வயசானா எல்லாருக்கும் குறையத்தான் செய்யும்" என்பவர்கள். இந்த வாதத்தில் நியாயம் உண்டு. வயதோடு இ.ஜி.எஃப்.ஆர். மெல்லக் குறைவது இயல்பு. ஒரே ஒரு சோதனையில் 57 வந்தால் உலகம் அழிந்துவிடாது. முந்தின நாள் வயிற்றுப்போக்கு இருந்திருக்கலாம், தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கலாம், சோதனைக்கு முன் ஒரு பிளேட் பிரியாணி முடித்திருக்கலாம். கறி சாப்பிட்டாலும் கிரியாட்டினின் கொஞ்ச நேரம் ஏறும். அதனால்தான் மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொல்கிறார்கள். அதனால்தான் ஆல்புமினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள். இரண்டாம் முறை பார்ப்பதற்கு முதல் முறை பார்த்திருக்க வேண்டும் அல்லவா? பார்க்கவே வேண்டாம் என்பது தைரியம் ஆகாது.

இதற்கெல்லாம் பெரிய செலவு ஆகும் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு ஒரு உண்மைக் கதை. சென்னையின் மூத்த சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, 1990களின் பிற்பகுதியில் சென்னைக்கு அருகே உள்ள கிராமங்களில் சுமார் 25,000 பேருக்காக ஒரு திட்டம் தொடங்கினார். வீடு வீடாகப் போனவர்கள் டாக்டர்கள் அல்லர். பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்கள். பி.பி. அளந்தார்கள். சிறுநீரில் ஒரு அமிலத்தை விட்டுக் கலங்குகிறதா என்று பார்த்தார்கள். கலங்கினால் புரதம். பெனடிக்ட் கரைசல் விட்டுச் சர்க்கரை பார்த்தார்கள். அறிவியல் லேபில் பெனடிக்ட் சோதனை பார்த்திருப்பீர்களே, நீல நிறம் மாறுமே, அதேதான். நோய் இருந்தவர்களுக்கு விலை குறைந்த பழைய மருந்துகளைத் தொடர்ந்து கொடுத்தார்கள். அதற்கான செலவு, ஊர் மக்கள்தொகையில் தலைக்கு வருடத்துக்கு 20 ரூபாய்க்கும் குறைவு. பலருடைய அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் வந்தன. பள்ளிக்கூடத்தை முடித்த பெண்கள் சிறுநீரகங்களைக் காப்பாற்றினார்கள் என்பதைப் படித்தபோது ஒரு ஆசிரியராக எனக்கு எவ்வளவு பெருமை என்று சொல்லத் தெரியவில்லை.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971இல் நம் வேலூர் சி.எம்.சி.யில்தான் நடந்தது. ஆம்பூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர். கடைசிக் கட்ட வைத்தியத்துக்கு நாடே தேடி வரும் ஊர் நம்முடையது. முதல் கட்டச் சோதனைக்கு நம் தெருவில் ஆள் இல்லை.

தோல் ஷாப்புகளும் ஷூ கம்பெனிகளும் நிறைந்த பாலாற்றுப் பக்கம் இது. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போடுகிறார்கள். பதனிட குரோமியம் போடுகிறார்கள். அந்த உப்பும் கழிவும் நிலத்தடி நீரில் இறங்கியதைப் பற்றித்தான் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று, 'மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்' என்ற தீர்ப்பைக் கொடுத்தது. 2025 ஜனவரி 30 அன்று அதே உச்ச நீதிமன்றம் இதே வேலூர்ப் பகுதிக்காக மறுபடியும் பேச வேண்டி வந்தது. குடிநீரில் உப்பு ஏறினால் ரத்த அழுத்தம் ஏறுவதை வங்கதேசக் கடலோரத்தில் ஆய்வு செய்து கண்டிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், கருவாடு, அப்பளம், உப்புக் கரிக்கும் கிணற்று நீர் எல்லாம் சேர்த்து நம் கணக்கு எங்கே நிற்கும் என்று யோசியுங்கள்.

தோல் கம்பெனியால்தான் எல்லாருக்கும் கிட்னி போகிறது என்று நான் சொல்ல வரவில்லை. அளந்துதான் சொல்ல வேண்டும். ஆனால் அளக்காமலே "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொல்வதற்கும் யாருக்கும் உரிமை இல்லை. தமிழ்நாட்டில் வெயிலில் உழைக்கும் விவசாயத் தொழிலாளர்களை எடுத்துப் பரிசோதித்தார்கள். சர்க்கரையும் பி.பி.யும் இல்லாத பலருக்கும் சிறுநீரகப் பாதிப்பு இருப்பது வெளியே வந்தது. உப்பளத் தொழிலாளர்களையும் பார்த்தார்கள். டிரம் பக்கத்தில் நனைந்து நிற்பவர்களையும், மெஷினில் குனிந்து அப்பர் தைக்கும் பெண்களையும் அதேபோல் வருடா வருடம் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டமே தோல் பதனிடுதலை அபாயகரமான தொழில் பட்டியலில் வைத்து, பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை என்று பிறகு சேர்த்தது. எடை பார்த்து, கண் பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொள்வதற்குப் பெயர் பரிசோதனை அல்ல.

இனி என் மாணவர்களுக்கு நேராக நாலு வார்த்தை.

லேப் வைத்திருக்கும் பிள்ளைகளே, உங்களிடம்தான் எனக்கு முதல் கோபம். இ.ஜி.எஃப்.ஆர். கணக்கிட உங்களுக்குப் புது மெஷின் வேண்டாம், புது ரசாயனம் வேண்டாம். கம்ப்யூட்டரில் ஒரு சூத்திரம் போட்டால் போதும். வயதும் பாலினமும் ஏற்கெனவே தாளில் இருக்கிறது. செலவு சல்லிக்காசு இல்லை. இருந்தும் பல லேப்களில் அது அச்சாவதில்லை. கணக்குப் போட்டு விடையை எழுதாமல் வந்த பையனுக்கு நான் என்ன செய்தேன் என்று ஞாபகம் இருக்கிறதா?

மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர்களே, நாள் முழுக்க நின்று கால் வலி என்று வருபவருக்கு டைக்ளோஃபினாக் பட்டையை நீட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பி.பி. மாத்திரை சாப்பிடுறீங்களா?" டெல்மிசார்டன் வகை மாத்திரை, நீர் போகும் மாத்திரை, அதன் மேல் வலி மாத்திரை, மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடும் அபாயம் உண்டு. இது மருத்துவப் புத்தகத்தில் இருப்பது, டீச்சர் கற்பனை அல்ல.

சூப்பர்வைசராக இருக்கும் பிள்ளைகளே, பாத்ரூம் போகக் கணக்குப் பார்ப்பார்கள் என்று பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் தைக்கும் பெண்கள் உங்கள் லைனில் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் உங்கள் வகுப்பில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர்கள். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டுமா?

டாக்டரான பிள்ளைகளே, பெருமைப்படுகிறேன். பி.பி. நோயாளிக்குச் சீட்டு எழுதும்போது 'சிறுநீர் ஆல்புமின்' என்று இரண்டு சொல் சேர்த்து எழுதுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னதையும் மறக்காதீர்கள்: சோதனை செய்யுங்கள், ஆனால் சோதனைக்காகச் சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள்.

மற்ற எல்லோருக்கும்: ஈ.எஸ்.ஐ. கார்டு இருப்பவர்கள் அதைப் பீரோவில் பூட்டி வைக்காமல் பயன்படுத்துங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் முதல் பி.பி., சுகர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறது. மாத்திரை கொடுக்க வரும் அம்மாவிடம் சிறுநீர்ச் சோதனை எங்கே, எப்போது என்று கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

டயாலிசிஸ் என்றால் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். முதலமைச்சர் காப்பீட்டில் செய்துகொள்ளலாம், பணம் மிச்சம். ஆனால் ஜோடிக் கணக்கில் கூலி வாங்குபவருக்குப் போன நாளுக்கு யார் கூலி கொடுப்பார்கள்? கூட உட்காரும் மகளின் வேலை என்ன ஆகும்? பேரனின் படிப்பு என்ன ஆகும்? கிட்னி ஒருவருக்குத்தான் போகிறது, வீடு மொத்தமும் அதோடு சேர்ந்து உட்கார்ந்துவிடுகிறது. நன்றாகப் படித்த பிள்ளைகள் இப்படிப் பாதியில் நின்றதை என் சர்வீஸில் பார்த்திருக்கிறேன். என் கோபத்துக்குக் காரணம் அதுதான்.

கடைசியாக வீட்டுப்பாடம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். வீட்டில் பி.பி. உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். தேதி, பி.பி., இ.ஜி.எஃப்.ஆர்., சிறுநீர் ஆல்புமின் என்று நாலு கட்டம் போடுங்கள். வருடம் ஒருமுறையாவது நிரப்புங்கள், குறைந்து வருகிறது என்றால் டாக்டர் சொல்லும் இடைவெளியில் நிரப்புங்கள். ஒரு தாளில் இருக்கும் ஒற்றை எண்ணை விட, ஐந்து வருடத்தில் அது இறங்குகிறதா நிற்கிறதா என்பதுதான் அதிகம் பேசும். லேபில் இ.ஜி.எஃப்.ஆர். போட மறுத்தால் கிரியாட்டினினையும் வயதையும் எனக்கு அனுப்புங்கள். நான் கணக்குப் போட்டுத் தருகிறேன். ரிட்டயர்டு ஆனாலும் நோட்டுத் திருத்துவதை நான் இன்னும் விடவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்